நல்லுசாமி விட்ட பந்து

சென்ற வியாழக்கிழமை காலை ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எட்டே கால் வண்டி வந்தது. அந்த வண்டியில் நான் ஏறுவதில்லை. எத்தனை அவசரமானாலும் அதைப் போகவிட்டு அடுத்ததில்தான் ஏறுவேன். அடுத்தது வராவிட்டால் காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நடப்பேன். ஆறு வருடமாக இதுதான் என் வழக்கம். அன்று அந்த வண்டியின் முகப்பில் ஒரு சாமந்தி மாலை தொங்கியது. படியில் நின்று விசிலடித்தவர் புது ஆள்.

“கண்டக்டர் எங்கேப்பா?” என்று கேட்டேன்.

“நல்லுசாமி அண்ணனைக் கேக்கறீங்களா? நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க. டிரிப்பை முடிச்சிட்டுச் சத்திரத்துல டீ குடிக்க உக்காந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வேண்டியவருங்களா? ஏறுங்க, அவரு வீட்டுக்குப் பாலக்கரையில இறக்கி விடறேன்.”

ஏறிக்கொண்டேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு நல்லுசாமி என்றால் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் கிழவிகளின் கூடையை வாங்கி மேலே வைத்துவிட்டு டிக்கெட் கிழிக்கும் மனிதர். நாற்பதைத் தாண்டிய மீதிப் பேருக்கு அவர் மேட்சை விற்ற பேக் நல்லுசாமி, கால்பந்தில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆள். முக்கியமாக அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரோடு ஒரே மில் அணியில் மூன்று வருடம் கோலியாக, அதாவது கோல் கீப்பராக, நின்றவன் நான்.

அவருக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். பச்சைமலை அடிவாரத்தில் முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம், மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பது. துறையூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் ஊருக்கு ஊர் பந்தாட்டம் நடந்தபோது எங்கள் மில் முதலாளி அவரைப் பார்த்திருக்கிறார். முதலாளிக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். மறு வாரமே நல்லுசாமி பாலக்கரையில் மாமா வீட்டில் தங்கி மில்லுக்கு வர ஆரம்பித்துவிட்டார். பகலில் பஞ்சு பேல் இறக்கும் தினக்கூலி, மாலையில் பேக். கோப்பை வாங்கிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்பது முதலாளியின் வாக்கு. மில்லின் பெயரை எழுதவில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன், அதனால் எழுதவில்லை என்று யாராவது நினைத்தால், அதுவும் உண்மைதான்.

நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்து வைஷ்ணவப் பிள்ளை தோல் பந்தைக் கையால் பிடிப்பதா என்று எங்கள் வீட்டில் தினமும் ரகளை. “தோலைத் தொட்டுட்டு உள்ளே வராதேடா. கொல்லைப் பக்கமாப் போய்த் தலைக்கு ஜலம் விட்டுண்டு வா” என்பாள் அம்மா. மார்கழிக் குளிரிலும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் எனக்குச் சோறு. இதைக் கேட்டு நல்லுசாமி விழுந்து விழுந்து சிரிப்பார். “கோல் விட்டா ஒரு குளியல், விடாட்டி ஒரு குளியல். உங்களுக்கு எப்படிப் போனாலும் குளியல்தான் சாமி” என்பார். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை என்னை ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை ‘நல்லு’ என்பேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் என்னைச் சாமி என்பதும் நான் அவரைப் பெயர் சொல்வதும் அன்றைக்கு எனக்கு உறுத்தவே இல்லை.

வெறுங்காலோடுதான் ஆடுவார். கணுக்காலில் ஒரு துணிப்பட்டி, அவ்வளவுதான். எதிரணியில் சிலர் பூட்ஸ் போட்டு ஆட ஆரம்பித்திருந்த காலம் அது. பயமாக இல்லையா என்று ஒரு முறை கேட்டேன்.

“அவன் காலு வர்றதுக்கு முந்தி நான் போயிடுவேன் சாமி. முந்திப் போயிட்டா ஏன் மிதி படப் போவுது?”

அவர் ஆட்டமே அதுதான். யாரையும் மோதித் தள்ளிப் பந்தைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. பந்து எங்கே வரப் போகிறதோ அங்கே முன்னதாகவே போய், ரேஷன் கடைக்கு முதல் ஆளாக வந்தவர்போல நின்றுகொண்டிருப்பார். ஓடி வருகிறவன் ஏமாந்து போவான். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வித்தையாகவே தெரியாது. கைதட்டல் எல்லாம் கோல் போடுகிறவனுக்கும், விழுந்து புரண்டு பிடிக்கிற எனக்கும்தான். நான் விழ வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் எத்தனை பந்துகளைத் திருப்பி அனுப்பினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“பந்தைப் பாத்தா ஏமாந்துடுவோம். ஆளோட இடுப்பைப் பாருங்க. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் போவான்” என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கடைசி வரை அது பிடிபடவில்லை.

முதல் வருடம் ஒரு மேட்சில் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டோம். என் இடது கை மோதிர விரல் முறிந்தது. நல்லுசாமி என்னை மாட்டு வண்டியில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் அவர்தான் அழுதார். கட்டுப் போட்டு முடித்ததும் ஒரு ஒப்பந்தம் சொன்னார்.

“எனக்கு முதுகுல கண்ணு இல்ல. நீங்கதான் பின்னால நின்னு எல்லாத்தையும் பாக்கறீங்க. இனிமே நீங்க ‘விடு’ன்னு கத்தினா நான் விட்டுடுவேன். யாரு வர்றான், எங்க வர்றான், எதையும் திரும்பிப் பாக்க மாட்டேன். காலை எடுத்துட்டு ஒதுங்கிடுவேன். நீங்க வந்து எடுத்துக்கணும். கத்தினா வந்தாகணும். அதான் கணக்கு.”

அந்தக் கணக்கு இரண்டு வருடம் தப்பவே இல்லை. பத்து கஜத்தில் பந்து, பின்னால் துரத்தி வரும் ஆள், அப்போதும் நான் கத்தினால் போதும். எடுத்த காலை அந்தரத்தில் நிறுத்தி ஒதுங்குவார். திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படி என்னை நம்பிய இன்னொருவர் என் வாழ்க்கையில் கிடையாது. என் மனைவி இதைப் படித்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது வருடம் என் தகப்பனார் திடீரென்று காலமானார். இரண்டு தங்கைகள், அம்மா, நான். வேலையோ இன்னும் உறுதியாகாத வேலை. துக்கத்துக்கு நல்லுசாமி வந்தார். தெருமுனையிலேயே காலை முதல் மாலை வரை நின்றிருந்தார். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. காரியங்கள் முடிந்து நான் மைதானத்துக்குப் போன அன்று, “தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கரை சேக்கணுமே சாமி. வேலையைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மூன்று மாதம் கழித்து அந்த ஃபைனல் வந்தது.

பாலக்கரையை ஒட்டிய மைதானத்தில் சவுக்குக் கட்டை கேலரி போட்டிருந்தார்கள். சுற்றிலும் கித்தான் மறைப்பு. அதற்கு வெளியே மரத்தில் ஏறிய கூட்டம் வேறு. எதிரணி வெளியூர், பதினொரு பேரும் பூட்ஸ். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அன்று நல்லுசாமி ஆடிய ஆட்டத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. எனக்கு அன்று முழுவதும் நான்கே நான்கு பந்துகள்தான் வந்தன.

வலது பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பந்து வந்தது. நல்லுசாமிக்கு முன்னால் குத்தி எழும்பியது. அவர் அதை உதைத்து வெளியே அனுப்பக் காலை எடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் எதிரணி ஆள் ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். நான் இரண்டடி முன்னால் ஓடி, “விடு!” என்று கத்தினேன்.

காலை நிறுத்தினார். ஒதுங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வரவில்லை. ஓடி வருகிறவனின் பூட்ஸைப் பார்த்தேன். அதன் அடியில் இருந்த குமிழ்கள் தெரிந்தன. முறிந்த விரல் நினைவுக்கு வந்ததா, அப்பாவுக்கு அப்புறம் எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தேனா, இன்றுவரை தெரியவில்லை. கால் நின்றுவிட்டது. கல்லாட்டம் நின்றேன். பயந்துவிட்டேன் என்பதுதான் நேரான பேச்சு. அவன் பந்தைச் சாவகாசமாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

கேலரியில் எனது கத்தல் யாருக்கும் கேட்டிருக்காது. அத்தனை இரைச்சல். அவர்கள் பார்த்தது ஒன்றுதான். நல்லுசாமி காலடியில் வந்த பந்தை வேண்டுமென்றே விட்டு ஒதுங்கினார். அப்புறம் செருப்பு பறந்தது. “காசு வாங்கிட்டான்டா!” என்று முதல் குரல் கிளம்பியது, அது அப்படியே கேலரி முழுக்கப் பரவியது.

நல்லுசாமி அதை எதையும் காதில் வாங்கவில்லை. என்னிடம் ஓடி வந்தார். என் தோளைப் பிடித்து உலுக்கி, “அடி பட்டுச்சா சாமி? எங்க பட்டுச்சு?” என்று கேட்டார்.

நான் வராததற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் தலையாட்டினேன். இல்லை என்றா, ஆமாம் என்றா, எனக்கே தெரியாத ஒரு தலையாட்டல். அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்து போனார்.

திங்கட்கிழமை மானேஜர் அறையில் விசாரணை. வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள டைம் ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். அந்தக் குமாஸ்தா நான். மேஜை ஓரத்தில் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். நல்லுசாமி எதிரே கைகட்டி நின்றார்.

“ஏன்யா பந்தை விட்டே?” என்றார் மானேஜர்.

நல்லுசாமி என்னை ஒரு முறை பார்த்தார். வெகுநேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் பேனா முனையைத் துடைத்தேன்.

“கணிப்பு தப்பிப்போச்சுங்க” என்றார்.

“கோலி ஏதாவது சொன்னானா?”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்க. தப்பு என்னோடதுதான்.”

எழுதினேன். ‘தவறு என்னுடையதே’ என்று என் கையால், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அவர் குனிந்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வராந்தாவில் அவர் பின்னாலேயே போனேன். “நல்லு” என்றேன். அவர் திரும்பி, “உள்ள போங்க சாமி. தேடுவாங்க” என்றார். உள்ளே போய்விட்டேன். அடுத்த மாதம் என் வேலை உறுதியாயிற்று.

நான் வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்குமா? போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். பயந்தான் என்று சிரித்திருப்பார்கள். காசு வாங்கினான் என்று என்னை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகம் பேல் தூக்குகிறவர் மேல்தான் அத்தனை சுலபமாக விழும். அது தெரிந்தும் நான் பேசவில்லை.

வேறெந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. உப்பிலியபுரத்துக்கே போனார். அங்கேயும் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணம் ஆயிற்று. மழை பொய்த்தது. மறுபடியும் பாலக்கரைக்கே வந்து, பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். ஏறுகிற நாலு பேரில் ஒருவனாவது, “ஸ்டாப்பையாவது விடாம நிறுத்துப்பா” என்று கிண்டல் செய்வானாம். அவரும் கூடச் சிரிப்பாராம்.

ஒரே ஒரு முறை, கொட்டும் மழையில் வேறு வழியில்லாமல் அவர் வண்டியில் ஏறினேன். “வாங்க சாமி, இப்படி உள்பக்கம் உக்காருங்க, அங்க ஒழுகும்” என்றார். பெரிய தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். சின்னவளைப் பற்றிக் கேட்டார். “இப்பவும் ஆடுறீங்களா?” என்றார். அந்த ஃபைனலோடு விட்டுவிட்டதைச் சொன்னேன். “ஆடியிருக்கணும். உங்க கை நல்ல கை” என்றார். நான் தொண்டையைச் செருமி, “நல்லு, அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். வண்டி நின்றது. “அம்மா மண்டபம், இறங்கறவங்க இறங்குங்க” என்று குரல் கொடுத்துக்கொண்டே படிக்கட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் ஏறியது. ஸ்டாப் வந்ததால் போனாரா, எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று போனாரா? இனி யாரைக் கேட்பேன்?

வியாழக்கிழமை பாலக்கரைச் சந்தில் இருந்த அவர் வீட்டில் அவரை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைக்கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எந்தப் பூட்ஸும் கடைசி வரை மிதிக்க முடியாத கால்கள் அவை. காவிரிக் கரை வரை கூடவே போனேன். டிரைவர்களும் கண்டக்டர்களும் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நானும் கொஞ்ச தூரம் தூக்கினேன். அதற்கு எனக்கு என்ன யோக்யதை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சனிக்கிழமை பால் தெளித்துவிட்டு எல்லோரும் போன பிறகு, அவர் மனைவி பழனியம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் “வாங்க” என்று எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என் கண்ணீரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு மரியாதை இல்லை.

“எனக்குத் தெரியுங்க” என்றார். “கல்யாணம் ஆன மறு வருஷமே சொல்லிட்டாரு. ‘அந்தச் சாமி ஒரு நாளு வருவாரு. வந்தா வாங்கன்னு சொல்லு, தண்ணி குடு, நீ எதுவும் கேட்டுடாதே’ன்னாரு. வாங்கன்னு சொல்லிட்டேன், தண்ணியும் குடுத்துட்டேன். அவரு சொன்னது முடிஞ்சுபோச்சு. இப்ப நான் கேக்கறேன். பன்னெண்டு வருஷமா எங்கங்க போயிருந்தீங்க?”

“ஸ்ரீரங்கத்திலதான் இருந்தேன்” என்றேன். ஒரு மனிதன் இதைவிடக் கேவலமான பதிலைச் சொல்ல முடியாது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். “என்கிட்ட சொல்லி என்ன ஆகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

அதற்காகத்தான் இதை எழுதினேன். அன்று கேலரியில் இருந்தவர்களே, நல்லுசாமி அந்தப் பந்தை விட்டது காசுக்காக அல்ல. பூட்ஸுக்குப் பயந்தும் அல்ல. விடு என்று கோலி கத்தினான், அதனால் விட்டார். பயந்து நின்றவன் நான். அவர் ஆடிய ஆட்டத்தில் ஒரு பழுதும் கிடையாது.

ஆனால் இதோடு முடியவில்லை. நாங்கள் பேசியதை அவருடைய மகள் செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். பத்து வயது. நான் கிளம்பும்போது முன்னால் வந்து நின்றாள்.

“எங்கப்பா நல்லா ஆடுவாரா?” என்று கேட்டாள்.

மகள் காதில் விழ அந்த வீட்டில் பந்தாட்டம் என்ற பேச்சே எழுந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடியும் உட்கார்ந்து சொன்னேன். முன்னதாகவே போய் நிற்பதை, இடுப்பைப் பார்ப்பதை, வெறுங்காலால் பந்தைப் பாதி மைதானம் தாண்டி அனுப்புவதைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். அப்புறம்,

“இதை எங்க ஸ்கூல்ல வந்து சொல்லுவீங்களா மாமா? டீச்சர்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. மல்லிகா இருக்கறப்ப சொல்லணும். அவதான் என்னை மேட்சை வித்தவன் மகள்னு சொன்னா” என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் போகும் முதல் நாள், நானும் கூடப் போகிறேன். மில்லுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மல்லிகா கடைசி பெஞ்சில் உட்காருவாளாம். அங்கே வரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டுமாம், உங்கள் மகளின் உத்தரவு. சொல்கிறேன். நிம்மதியாகப் போங்கள் நல்லுசாமி.